செயலாளர் பொறுப்பு கைமாறிய விதம்: தருமபுரி மாவட்ட மாணவர் அமைப்பு ஒன்றின் பன்னிரண்டு ஆண்டுகள்

தருமபுரி மாவட்டத்தில் இயங்கும் ஒரு மாணவர் அரசியல் அமைப்பின் தலைமை 2012 முதல் 2024 வரை எப்படிக் கைமாறியது, எங்கே அறுந்தது, மறுபடி எப்படிச் சேர்ந்தது என்பதைப் பற்றியது இந்த ஆய்வு. அமைப்பின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டிவிடும் சில சின்ன விவரங்களையும் விட்டிருக்கிறேன். 2021-இல் மாநிலக் குழு சார்பில் இந்த மாவட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் கூட்டக் குறிப்பேடுகளைப் படித்தும், அப்போது பொறுப்பில் இருந்தவர்களோடு உட்கார்ந்து பேசியும் தெரிந்துகொண்டது.

பின்னணி

இந்த மாவட்டத்து அரசு கலைக் கல்லூரிகளில் படிக்க வருபவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள், பிள்ளை பாட்டியோடு ஊரிலோ அரசு விடுதியிலோ இருப்பான். பாலக்கோடு பக்கம் என்றால் தக்காளித் தோட்டம், அரூர் பக்கம் மலையடிவாரக் கிராமங்கள். படிப்பு முடிந்த மாதமே ஓசூர் கம்பெனிக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் கணக்கு.

அரசியல் என்றாலே பெற்றோருக்கு இங்கே ஒரு பயம் உண்டு. அது காரணமில்லாத பயம் அல்ல. 2000 பிப்ரவரி 2 அன்று இலக்கியம்பட்டியில் கட்சிக்காரர்கள் பேருந்துக்குத் தீ வைத்ததில், கல்விச் சுற்றுலா வந்திருந்த கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் எரிந்து இறந்தார்கள். அந்த நாளைக் கண்ணால் பார்த்த தலைமுறையின் பிள்ளைகள்தான் இப்போது கல்லூரியில் இருக்கிறார்கள். உறுப்பினர் ரசீதோடு ஒரு வீட்டுக்குப் போனால், "படிக்கிற பசங்களுக்கு எதுக்குப்பா கட்சியெல்லாம்" என்ற கேள்வியைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லத் தெரிந்தவர்தான் இங்கே மாணவர் தலைவராக முடியும்.

இன்னொன்று, தேர்தல். தமிழ்நாட்டின் அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் பேரவைக்கு முறையான தேர்தல் நடப்பதில்லை. உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் நடைமுறைப்படுத்தச் சொன்ன, மாணவர் தேர்தல் பற்றிய லிங்டோ குழுப் பரிந்துரைகளின்படி, இளநிலை மாணவர் 17 வயதிலிருந்து 22 வயதுக்குள் போட்டியிடலாம், பொறுப்பாளர் பதவிக்கு ஒருவர் ஒரே ஒரு முறைதான் நிற்கலாம். தேர்தல் நடக்கும் வளாகங்களில் அமைப்புகள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் புது முகங்களைத் தேடியே ஆக வேண்டும். தேர்தலே இல்லாத இடத்தில் அந்த நெருக்கடி இல்லை. ஒருவர் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் தலைவராக இருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. இந்த மாவட்டத்தில் நடந்தது அதுதான்.

முதல் செயலாளர், 2013–2018

2012 நவம்பர் 7 அன்று, சாதி மறுப்புத் திருமணம் ஒன்றை ஒட்டி, நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. வீடுகள் எரிக்கப்பட்டன. அடுத்த சில வாரங்கள் கல்லூரிகளிலும் விடுதிகளிலும் மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். நேற்றுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் தனித்தனியாக உட்கார்ந்தார்கள்.

அப்போது வரலாறு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், இடைநிலைச் சாதிக் குடும்பத்தைச் சேர்ந்தவர், பாதிக்கப்பட்ட மாணவர்கள் தங்கியிருந்த விடுதிக்குப் போய் அவர்களோடே தங்கினார், அவர்களோடே சாப்பிட்டார். தீயில் போன சான்றிதழ்களுக்கு நகல் வாங்க தாசில்தார் அலுவலகத்துக்கும் தேர்வுத் துறைக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். சொந்த ஊரில் அவருக்கு அதனால் என்ன நடந்தது என்பதை அவர் இன்றும் விரிவாகச் சொல்வதில்லை. 2013 மாவட்ட மாநாட்டில் அவர் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது எதிர்ப்பே இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் வரும் சிக்கல்களைப் பார்த்துவிட்டு, அவர் பதவி ஆசையால் ஒட்டிக்கொண்டிருந்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தப் பொறுப்பு அவர் உழைப்புக்குக் கிடைத்தது.

இளநிலை முடிந்து முதுநிலை சேர்ந்தார், பிறகு எம்.ஃபில். ஐந்து ஆண்டுகள் அவரே செயலாளர். அந்தக் காலத்தில் அமைப்பு செய்த வேலை கொஞ்சமல்ல. கல்வி உதவித்தொகை தாமதமானதற்கு எதிராகத் தொடர்ந்து மனு, விடுதிச் சாப்பாட்டுக்காக உள்ளிருப்பு, பென்னாகரம் சாலையில் காலை நேரப் பேருந்து நிற்காமல் போனதற்கு மறியல். தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் நான்கு இடங்களிலும் கிளைகள் இருந்தன.

கவனித்தவை

அந்த ஐந்து ஆண்டுகளின் குறிப்பேடுகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். 2013, 2014 கூட்டங்களில் யார் என்ன பேசினார்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. 2016-க்கு வரும்போது "செயலாளர் விளக்கினார், ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்ற ஒரே வரி. 2017-இல் பல மாதங்களுக்குக் குறிப்பே இல்லை.

வெளியே பார்த்தால் அமைப்பு வலுவாக இருந்தது. உள்ளே எல்லாத் தொடர்பும் ஒரே கைபேசியில் இருந்தது. பேருந்துப் பணிமனை மேலாளர், விடுதிக் காப்பாளர்கள், ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலர், உள்ளூர்ச் செய்தியாளர்கள் எல்லோருக்கும் அவர் எண்தான் தெரியும். கிளைச் செயலாளர்கள் கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போகும் முன் அவரிடம் கேட்பார்கள், போய் வந்த பின்னும் அவரிடம் சொல்வார்கள். வாயிற்கூட்டத்தில் அவரைத் தவிர இன்னொருவர் பேசிய நினைவு அப்போதைய உறுப்பினர்கள் பலருக்கு இல்லை.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மாநிலம் முழுக்க மாணவர்கள் திரண்டார்கள். இந்த மாவட்டத்திலும் அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வராதவர்கள் வந்தார்கள், அவர்களில் ஒரு பகுதியினர் போராட்டம் முடிந்த பிறகு அமைப்பைத் தேடியும் வந்தார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேச, ஒரு வேலை கொடுக்க, ஊர் ஊராகப் பின்தொடர ஆள் வேண்டும். செயலாளர் ஒருவரால் எத்தனை இடத்துக்குப் போக முடியும்? அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் வந்தவர்கள் கரைந்துபோனார்கள். என் பார்வையில் அந்த ஆண்டின் பெரிய இழப்பு இது. கூட்டம் தானாக வந்து நின்ற சமயத்தில் வரவேற்கக் கதவருகே ஆள் இல்லை.

மாவட்டச் செயற்குழுவில் பெண்கள் யாரும் இல்லாததும் அப்போது ஒரு குறையாகப் பேசப்படவில்லை. கூட்டம் தருமபுரியில், மாலை ஐந்து மணிக்கு மேல். அரூரிலிருந்து தருமபுரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அரூருக்கு அப்பால் சித்தேரி அடிவாரத்திலோ கோட்டப்பட்டி பக்கமோ வீடு இருக்கிற ஒரு மாணவி கூட்டம் முடிந்து எந்தப் பேருந்தைப் பிடிப்பார்? வர விருப்பமில்லை என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள். பேருந்து இல்லை என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

2018: முதல் கைமாற்றம்

2018 மாநாட்டில் செயலாளர் விலக விரும்பினார். வயது, வேலை, வீட்டு நெருக்கடி எல்லாம் சேர்ந்திருந்தது. அமைப்பு சார்ந்த கட்சி மட்டத்தில் இன்னும் ஓராண்டு இருக்கச் சொன்னார்கள், ஆள் திரட்டும் திறமை அவருக்குத்தான் இருக்கிறது என்று. அவர் மறுத்துவிட்டார். அவருக்கு நெருக்கமான, நன்றாகப் பேசக்கூடிய இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் அடுத்த செயலாளரானார்.

புதியவர் முதலில் எடுத்த பிரச்சினை உதவித்தொகை. அலுவலகத்துக்குப் போனார். "அவரைக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்" என்றார்கள். மாணவர்களும் பழையவருக்கே போன் செய்தார்கள். அவரும் நல்ல மனதோடு அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லி முடித்துக்கொடுத்தார். அடுத்த மாதம் விடுதிப் பிரச்சினை. மறுபடி அதே கதை. ஒவ்வொரு உதவியும் அந்த மாணவருக்கு நல்லதாகவே முடிந்தது, புதிய செயலாளரின் மதிப்பிலிருந்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துகொண்டே வந்தது. ஓராண்டுக்குள் கிளைகளில் "பெரிய தோழர்", "சின்னத் தோழர்" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். 2019 நடுவில் அவர் கூட்டங்களுக்கு வருவதைக் குறைத்தார். இறுதித் தேர்வு முடிந்ததும் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டார். அவரோடு நான் பேசியபோது கோபம் எதுவும் இல்லாமல் சொன்னார்: "எனக்கு யாரும் தடையா இல்லை தோழர், ஆனா நான் தேவைப்படவும் இல்லை."

2020–2021: அறுந்த தொடர்ச்சி

தற்காலிகமாக ஒருவரை நியமித்து ஓட்டிக்கொண்டிருந்தபோது 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில், அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்தால் தேர்ச்சி என்று மாநில அரசு அறிவித்து அது பெரிய சர்ச்சையானது. யாருக்குப் பொருந்தும், கட்டணம் கட்டாதவர் கதி என்ன என்று ஊரில் முடங்கிக் கிடந்த மாணவர்களுக்கு ஆயிரம் கேள்வி. பதில் சொல்ல அமைப்பில் அப்போது ஆள் இல்லை. பழைய வாட்ஸ்அப் குழுக்களில் படிப்பு முடித்துப் போனவர்கள்தான் நிரம்பியிருந்தார்கள்.

மூன்றாண்டுப் படிப்பில் இரண்டு ஆண்டு இடைவெளி என்றால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2018-இல் சேர்ந்தவர் 2021-இல் வெளியேறிவிட்டார். 2020-இல் சேர்ந்தவர் கல்லூரி வாசலையே ஒழுங்காகப் பார்க்கவில்லை. துண்டறிக்கை எழுதுவது, தட்டி கட்டுவது, காவல் நிலையத்தில் அனுமதி கேட்பது, முதல்வர் அறையில் எப்படிப் பேசுவது, இதெல்லாம் எங்கும் எழுதிவைக்கப்படாத வேலைகள். அண்ணன் செய்யும்போது தம்பி பக்கத்தில் நின்று பழகுவது. அந்தப் பக்கத்தில் நிற்கும் வரிசையே காணாமல் போயிருந்தது. நான் போய்ப் பார்த்தபோது செயல்படும் கிளை அரூரில் மட்டும் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பழைய பொறுப்பாளர்கள், அரூர் கிளை மாணவர்கள், கட்சித் தரப்பில் ஒருவர் என எல்லோரையும் உட்காரவைத்து 2021 இறுதியில் பேசினோம். ஒரே நாளில் முடிந்த பேச்சு அல்ல.

செயலாளர் முறையான வகுப்பில் படிக்கும் மாணவராக இருக்க வேண்டும், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று முதலில் முடிவானது. ஓராண்டு போதும் என்று சிலர் சொன்னார்கள். ஓராண்டில் அலுவலர் முகம்கூடப் பழகாது. மூன்றாண்டு என்றால் அடுத்தவருக்குப் படிப்பு முடிந்துவிடும். அதனால் இரண்டு.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது அடுத்த முடிவு. செயலாளர் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் தனியாகப் போகக் கூடாது, தன்னைவிட ஓராண்டாவது இளைய ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும், மனுவில் இருவரும் கையெழுத்திட வேண்டும். செயலாளர் மாறும் நாளில் அலுவலருக்குப் புதியவர் ஏற்கனவே தெரிந்த முகமாக இருப்பார். 2018-இல் இல்லாமல் போனது இதுதான்.

ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு நோட்டில் யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள், மனு ரசீது எண் என்ன என்று எழுதுவது, கணக்கைக் கூட்டத்தில் வாசிப்பது ஆகியவையும் சேர்ந்தன. இவை பழைய விதிகள்தான், மறந்துபோயிருந்தன.

கூட்டத்தை மாலையிலிருந்து சனிக்கிழமை பகலுக்கு மாற்றி, தருமபுரியில் ஒரு முறை அரூரில் ஒரு முறை என்று சுற்றவைத்தோம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், கடைசிப் பேருந்தின் நேரம் மாறவில்லை. காசு மிச்சமானால் மட்டும் ஒரு மாணவி கூட்டத்துக்கு வந்துவிட முடியாது.

மிகக் கடினமாக இருந்தது பழைய செயலாளரின் இடம். மாணவர்கள் அவருக்குப் போன் செய்தால் பிரச்சினையைக் கேட்காமல் இப்போதைய பொறுப்பாளரின் எண்ணைத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். மாணவர்களின் சான்றிதழுக்காக அலைந்தவரிடம் போன் எடுக்காதே என்று சொல்வது எங்களுக்கே வலித்தது. ஒரு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். "பையன் அழுதுகிட்டே கூப்பிட்டா நான் எப்படி நம்பர் மட்டும் குடுக்கறது? அதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்டார். உயிர் ஆபத்தோ சாதித் தாக்குதலோ காவல் துறைக் கைதோ என்றால் அவர் நேரடியாக இறங்கலாம், செயலாளருக்கும் உடனே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம்.

சாதி பற்றியும் பேசாமல் விடவில்லை. தலைவரும் செயலாளரும் ஒரே சமூகப் பிரிவிலிருந்து வரக் கூடாது என்பதை எழுதாத வழக்கமாக வைத்துக்கொள்வது என்று பேசினோம். எழுதிவைத்தால் ஒதுக்கீடு போல ஆகிவிடும், தகுதி பற்றிய பேச்சு கிளம்பும் என்று ஒரு தரப்பு. எழுதாவிட்டால் இரண்டு மாநாட்டில் மறந்துவிடும் என்று இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டாவது தரப்பின் பேச்சில்தான் நியாயம் தெரிந்தது, ஆனால் பெரும்பான்மை முதல் பக்கம்.

பின்விளைவு

2022 மாநாட்டில் அரூர் பக்கத்து முதுநிலை மாணவி ஒருவர் செயலாளரானார். அந்த செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கு, ஆதார், பள்ளிச் சான்று ஒத்துப்போகாமல் பலர் தவித்தார்கள். செயலாளரும் அவரோடு போன இரண்டாமாண்டு மாணவியும் கல்லூரியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். வீட்டில் கட்சி வேண்டாம் என்று சொல்லும் அம்மாக்கள் அந்த மேசைக்கு வந்தார்கள். உறுப்பினர் சேர்க்கையும் அங்கிருந்துதான் மெதுவாக நகர்ந்தது.

பணிமனையில் மட்டும் பழைய கேள்வியே வந்தது: "அவர் வரலையா?" மலையடிவாரக் கிராமங்களுக்கான காலைப் பேருந்து பற்றி இருவரும் மூன்று முறை போய் வந்து, கையெழுத்து வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுத்தார்கள். நேரம் மாற்றப்பட்டது. பழையவர் ஒரு போனில் முடித்திருப்பார். இவர்களுக்கு மாதங்கள் ஆனது. ஆனால் 2024-இல் அந்த இரண்டாமாண்டு மாணவி, அப்போது முதுநிலைக்கு வந்திருந்தவர், செயலாளரானபோது பணிமனையில் யாரும் யாரென்று கேட்கவில்லை.

இழப்புகளும் உண்டு. பொதுக்கூட்டங்கள் பழைய அளவுக்குப் பெரிதாக இல்லை. 2024-இல் ஒரு விடுதியின் உணவுப் பிரச்சினை பாதியில் இருந்தபோது இரண்டாண்டு விதி வந்து நின்றது. செயலாளர் விலக, பேச்சுவார்த்தை சில வாரம் தள்ளிப்போனது, விடுதி மாணவர்கள் சோர்ந்துவிட்டார்கள். விதியைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை வந்தது, தளர்த்தவில்லை. அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன், அந்த மாணவர்களுக்கு அது நியாயமாகப் படவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பென்னாகரம் கிளை மட்டும் எழவே இல்லை. இரண்டு முறை அமைத்தோம், இரண்டு முறையும் ஒரு கல்வியாண்டைத் தாண்டவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

செயலாளர் மாறும் மாதம் மாநாட்டுத் தேதியைப் பொறுத்து அமைகிறது. அதைக் கல்வியாண்டுத் தொடக்கத்தோடு சேர்த்துவிட்டால், போராட்டத்தின் நடுவில் ஆள் மாறுவது குறையும். மாநிலக் குழுவுக்கு இதை எழுதியிருக்கிறோம்.

பழைய செயலாளரிடம் எதைச் செய்யக் கூடாது என்று மட்டும் சொன்னோம், என்ன செய்யலாம் என்று சொல்ல நீண்ட நாள் ஆனது. இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை புதிய உறுப்பினர்களுக்கு அவர் வகுப்பு எடுக்கிறார், 2012 பற்றியும் சொல்கிறார். அது முதல் நாளிலிருந்தே நடந்திருக்க வேண்டும். உழைத்த ஒருவரை வேலையில்லாமல் ஓரமாக உட்காரவைப்பது அவருக்கும் நல்லதல்ல, அமைப்புக்கும் நல்லதல்ல.

தலைவர், செயலாளரின் சமூகப் பிரிவு பற்றிய வழக்கத்தை எழுதிவைக்க வேண்டும். 2024 மாநாட்டில் அது கிட்டத்தட்ட மறக்கப்பட்டது, மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து நினைவூட்டினார். அடுத்த மாநாட்டில் அவர் இருப்பார் என்று சொல்ல முடியாது.

செயலாளராக இருந்த பெண்கள் படிப்பு முடிந்ததும் கல்யாணம், வெளியூர் என்று தொடர்பே இல்லாமல் போகிற நிலை இருக்கிறது. ஆண்கள் கட்சியிலோ சங்கத்திலோ ஏதோ ஒரு பொறுப்புக்குப் போய்விடுகிறார்கள். 2022-இன் செயலாளருக்கு அப்படி ஓர் இடத்தை மாவட்டக் கட்சி இன்னும் காட்டவில்லை. கேட்டிருக்கிறோம், மறுபடியும் கேட்போம்.

பென்னாகரத்தைப் பொறுத்தவரை, அங்கே எங்களிடம் வந்தவர்களில் ஐ.டி.ஐ. மாணவர்கள் அதிகம். அவர்களுக்குப் படிப்பே ஓராண்டு, இரண்டாண்டு. இரண்டாண்டுச் செயலாளர் என்ற கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. ஐந்து பேர் கொண்ட குழுவாகப் பொறுப்பைக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவரை மாற்றிப் பார்க்கலாம் என்று இப்போதைய செயலாளர் யோசனை சொல்லியிருக்கிறார். வரும் சேர்க்கைக் காலத்தில் அதைத் தொடங்குகிறோம்.